மருந்துச் சீட்டும் வாய்மையும்

காவிரியில் நீர்வரத்து மிகும்போது ஒகேனக்கல்லில் பரிசல் இயக்க மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பது வழக்கம். தொலைவிலிருந்து வந்தோர் எவ்வளவு வேண்டினும் பரிசலோட்டி மறுத்துவிடுவார். அன்றைய கூலி அவருக்கு இல்லை. எனினும் மறுப்பதற்கு ஓர் ஆணை துணை நிற்கிறது. 2021ஆம் ஆண்டுக் கோடையில், கொரோனாவின் இரண்டாம் அலையில், மருத்துவர் பலருக்கு அத்தகைய துணை வாய்க்கவில்லை.

ரெம்டெசிவிர் என்னும் ஊசி மருந்தை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, நோயாளிகள் தேறும் காலத்தை அது 15 நாள்களிலிருந்து 10 நாள்களாகக் குறைத்ததாகக் கூறிற்று. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய பெரிய ஆய்விலோ, இறப்பைக் குறைப்பதில் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. மருத்துவமனை நோயாளிகளுக்கு அதனைப் பரிந்துரைப்பதற்கில்லை என 2020 நவம்பரில் அந்நிறுவனம் தெரிவித்தது. இந்திய வழிகாட்டு நெறிகள் ஆக்சிஜன் தேவைப்படுவோருள் சிலருக்கு மட்டும் இடமளித்தன. ஆயினும், உயிர் காக்கும் மருந்து அதுவே என்னும் நம்பிக்கை வீடுதோறும் பரவிற்று.

ஏப்ரல் இறுதியில் சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் குப்பி ஒன்றை 1,568 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. மருத்துவரின் சீட்டு, பரிசோதனை முடிவு, ஆதார் ஆகியவற்றை ஏந்தி, வெளிமாவட்டத்தாரும் நெடுநேரம் காத்துக் கிடந்தனர். கள்ளச்சந்தையில் விலை பன்மடங்காயிற்று. மருத்துவத் துறையினர் சிலரும் கைதாயினர். அவர்கள் பேச்சு நமக்கு வேண்டா. நேர்மையான மருத்துவரின் நிலையே ஆராயத் தக்கது.

ஒகேனக்கல் பரிசலோட்டி ஒருவரின் தந்தை நோயுற்றதாகக் கொள்வோம். நோய் முற்றிவிட்டது, அம்மருந்து இனிப் பயன்படாது என்பதை மருத்துவர் அறிவார். “ஐயா, எழுதிக் கொடுங்கள்” என்று மகன் கும்பிட்டு நிற்கிறான். மறுத்தால், மருந்திருந்தும் தரவில்லை என்னும் பழி வாழ்நாளெல்லாம் தொடரும். எழுதினால், மகன் தந்தையின் அருகை விட்டு, கடன் வாங்கிச் சென்னைக்கு ஓடுவான். தொற்றுள்ள வீடுகளிலிருந்து வந்தோர் நெருங்கி நிற்கும் வரிசையில் தானும் நிற்பான்.

ஔஷத தானம் நால்வகைத் தானங்களுள் ஒன்று. வாய்மை விரதமோ, பிறர்க்குக் கேடு விளைக்குமாயின் உண்மையையும் உரையாதே என்கிறது. இதைக் கொண்டு, ‘நம்பிக்கை குலையாதிருக்க எழுதினேன்’ என்று மருத்துவர் அமைதி கொள்ளலாமா? இயலாது என்பதே என் கருத்து. அவ்விதி பார்ப்பது கேட்டினை. இங்கே கேடு உண்மையில் இல்லை. சீட்டு இட்டுச்சென்ற வரிசையில் இருந்தது. மருத்துவரின் கருணை கண்ணெதிரே நின்ற ஒருவனோடு நின்றுவிட்டது. அவனுக்குப் பின்னால் நின்ற முகமறியா நூறு பேரை எட்டவில்லை. இரவு பகலாகக் கண் துஞ்சாத ஒருவரிடம் இத்துணை ஆராய்ச்சியை எதிர்பார்ப்பது, மேசைமுன் அமர்ந்து எழுதுவோர்க்கு எளிதுதான்.

2021 மே 18 முதல், தனியார் மருத்துவமனைகளே இணையத்தில் பதிந்து மருந்தை நேரடியாகப் பெறும் முறை வந்தது. குடும்பத்தார் வரிசையில் நிற்பது ஒழிந்தது. “உங்கள் அப்பாவுக்கு இது பயன்படாது” என்னும் சொல்லை மட்டும், அதன் பின்னரும், படுக்கையருகே நின்ற மருத்துவரே சொல்ல வேண்டியிருந்தது.