ஆல்-இன்-ஒன் கணிப்பொறியா, பழைய ஒர்க்ஸ்டேஷனா?

பிள்ளைகள் கல்லூரியில் சேரும் ஆண்டில் நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் எழும் கேள்வி இது. கையில் உள்ள தொகைக்குப் புதிய ஆல்-இன்-ஒன் வாங்குவதா, அலுவலகங்கள் கழித்துவிட்ட ஒர்க்ஸ்டேஷனை வாங்குவதா? ரயில்வேயில் பணியாற்றியவன் என்பதால், வண்டிகளை வைத்தே விளக்குகிறேன்.

ஆல்-இன்-ஒன் என்பது, திரைக்குப் பின்னாலேயே எல்லா உறுப்புகளும் அடங்கிய கணிப்பொறி. 2019-இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் வண்டியைப் போன்றது. இன்ஜின் தனியாக இல்லை. நடுவழியில் ஒரு பெட்டியை மட்டும் கழற்றிவிடவும் முடியாது. ஒர்க்ஸ்டேஷன், இன்ஜினும் பெட்டிகளும் தனித்தனியாக உள்ள வண்டி. பழுதான பெட்டியைச் 'சிக் லைனில்' விட்டுவிட்டுப் பயணத்தைத் தொடரலாம்.

எடுத்துக்காட்டாக, ஆப்பிள் 2021-இல் வெளியிட்ட 24 அங்குல ஐமேக்கின் நினைவகம் 8 அல்லது 16 ஜி.பி.; வாங்கிய பின் கூட்ட இயலாது. வேறு சில ஆல்-இன்-ஒன்களில் கூட்டலாம். ஆனால் திரை பழுதானால் முழு இயந்திரமும் கடைக்குப் போகவேண்டும். 2014-இல் வந்த எச்.பி. இசட்440 ஒர்க்ஸ்டேஷனில் நினைவகத்துக்கு 8 இடங்கள் உள்ளன, 128 ஜி.பி. வரை கூட்டலாம். திரையைத் தனியே மாற்றலாம்.

ஒர்க்ஸ்டேஷனில் குறைகளும் உண்டு.

1. மின்செலவு: சராசரியாக 150 வாட் இழுக்கும் இயந்திரம் நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் மாதம் 27 யூனிட். 60 வாட் ஆல்-இன்-ஒன்னுக்கு சுமார் 11 யூனிட்தான். யு.பி.எஸ்.ஸும் பெரிதாக வேண்டும்.

2. உதிரி: இசட்440-இன் பவர் சப்ளை அந்நிறுவனத்தின் தனி அமைப்பு. சாதாரணக் கடைச் சரக்கு நேரடியாகப் பொருந்தாது.

3. மென்பொருள்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இசட்440-இன் சில்லுகள் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் ஏற்ற பட்டியலில் இல்லை. பாதுகாப்புத் திருத்தம் வராத இயந்திரத்தில் வங்கி வேலை பார்ப்பது ஆபத்து. லினக்ஸ் போடலாம், தமிழ் தட்டச்சும் அதில் நன்றாக நடக்கும்.

ஆகவே, முதலில் கல்லூரி கேட்கும் மென்பொருள் எது என்று விசாரியுங்கள். சாலிட்ஒர்க்ஸ் விண்டோஸுக்கு மட்டுமே உரியது. லினக்ஸிலோ ஐமேக்கிலோ நேரடியாக ஓடாது. இதைக் கேட்காமல் வாங்கினால் முழுப் பணமும் வீண்.

கடிதம், கணக்கு, ஊரிலுள்ள பெரியவர்களுடன் முகம் பார்த்துப் பேசுதல், அடிக்கடி இடமாற்றம் — இவையென்றால் ஆல்-இன்-ஒன் போதும். நினைவகத்தை வாங்கும்போதே தாராளமாகக் கேளுங்கள். லினக்ஸில் ஓடும் கனமான கணக்கீடு, வீடியோத் தொகுப்பு போன்ற வேலைக்கு, அருகில் நல்ல மெக்கானிக்கும் இருந்தால், ஒர்க்ஸ்டேஷனை எடுக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்கை மட்டும் நம்பாதீர்கள், புதிய எஸ்.எஸ்.டி. போட்டு, எதை வாங்கினாலும் கோப்புகளுக்கு வெளியே ஒரு நகல் வையுங்கள்.