வென்டிலேட்டரில் இருப்பவரை உட்கார வைப்பது எப்படி?

வாயில் டியூபோடு இருப்பவரை உட்கார வைக்கப் போகிறோம் என்றால் உறவினர்கள் பதறுவார்கள். ஆனால் மல்லாந்தே கிடந்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். நுரையீரலின் முதுகுப்பக்கம் சுருங்கி, சளி அங்கேயே தேங்கும். மூச்சு வேலையை இயந்திரமே செய்வதால் தசையும் கரையும். 18 முதல் 69 மணி நேரம் வேலையற்றிருந்த உதரவிதானத்தில் தசை இழைகள் பாதிக்கு மேல் மெலிந்திருந்ததை 2008இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

காலையில் முதலில் மானிட்டரைப் பாருங்கள். ரத்த ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டக் கூடாது. வென்டிலேட்டர் தரும் ஆக்சிஜன் 60 சதவீதத்துக்குள், பீப் (மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் மிஞ்சும் அழுத்தம்) 10க்குள் இருக்கட்டும். ரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்து ஏறிக்கொண்டே போனாலோ, ரத்தக்கசிவு இருந்தாலோ அன்று வேண்டாம். முடிவை டாக்டரோடு சேர்ந்தே எடுங்கள்.

டாக்டர் சொல்லி மயக்க மருந்தைக் குறைத்ததும், நோயாளியிடம் “கண்ணைத் திறங்க, என் கையை இறுக்கிப் பிடிங்க” என்று கேளுங்கள். செய்தால் மேலே போகலாம். செய்யாவிட்டால் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, கைகால் மூட்டுகளை நாமே மெல்ல மடக்கி நீட்டலாம்.

உட்கார வைக்க மூன்று பேராவது வேண்டும். ஒருவருக்கு டியூபைப் பிடிப்பது மட்டுமே வேலை. அவர் வேறெதையும் தொடக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. முதலில் சக்‌ஷன் செய்து சளியை எடுங்கள். லைன்கள், சிறுநீர்ப் பை எல்லாம் தளர்வாக இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். வென்டிலேட்டர் இருக்கும் பக்கமாக நோயாளியைத் திருப்பி, கால்களைக் கீழே இறக்கும்போதே தோளைத் தூக்குங்கள். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். எட்டாவிட்டால் முக்காலி வையுங்கள். உடனே ரத்த அழுத்தம் இறங்கலாம், பொறுங்கள். வயிறு கீழிறங்கி உதரவிதானத்துக்கு இடம் கிடைத்ததும் மூச்சு ஆழமாவது மார்பில் தெரியும். அப்போது, “நல்லா இழுத்து விடுங்க” என்று கூடவே சொல்லுங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். ஆக்சிஜன் இறங்கினாலோ, முகம் வெளிறி வியர்த்தாலோ படுக்க வைத்துவிடுங்கள்.

நிற்பது, நாற்காலிக்கு மாறுவது, நடப்பது எல்லாம் இதே வரிசையில் அடுத்தடுத்த நாட்களில் வரும். அவசரம் வேண்டாம். 2009இல் 104 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், சீக்கிரமே பயிற்சி தொடங்கியவர்களில் 59 சதவீதத்தினர் வீடு திரும்பும்போது தம் வேலையைத் தாமே செய்துகொண்டார்கள். மற்றவர்களில் 35 சதவீதம்தான். ஆனால் 2022இல் 750 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், வழக்கத்தைவிட அதிகமாக அசைய வைத்தது கூடுதல் பலன் தரவில்லை. இதயத்துடிப்பு தடுமாறுவது போன்ற சிக்கல்கள்தான் கூடின. அளவை நோயாளியின் உடம்புதான் சொல்ல வேண்டும்.

எத்தனை நிமிடம் உட்கார்ந்தார், எத்தனை பேர் தாங்கினீர்கள், எந்த இடத்தில் திணறினார் என்று சார்ட்டில் எழுதி வையுங்கள். நாளைக் காலை ஷிப்ட் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.