வன்தட்டிலிருந்து வகுப்பறைக்கு: பள்ளியின் பாடல் தொகுப்பை மீட்டெடுத்தல்

பள்ளிக் கணினி பழுதாகி, இயங்குதளம் புதிதாக நிறுவப்பட்டுத் திரும்பி வரும்போது, அதில் இருந்த பாடல்கள் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும். முன்பே வெளி வன்தட்டில் (ஹார்ட் டிஸ்க்) ஒரு படி எடுத்து வைத்திருந்தால் அவற்றை மீட்டுவிடலாம். ஆனால், கோப்புகளைப் படியெடுப்பதோடு இந்தப் பணி முடிந்துவிடுவதில்லை. எதை முதலில் மீட்பது, மீட்டது முழுமையானதா என்று எப்படி அறிவது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எதை முதலில் மீட்பது?

விருதுநகர் மாவட்டம் நரிக்குடி போன்ற மானாவாரிப் பகுதியில் உள்ள பள்ளியை எண்ணிப் பார்ப்போம். அதன் கணினியில் இருவகைப் பாடல்கள் இருக்கக்கூடும். பாடநூல் செய்யுள்களின் ஒலிவடிவம், திரைப்பாடல் போன்றவை முதல் வகை. இவை தொலைந்தாலும் வேறிடத்தில் கிடைக்கும். மாணவர்கள் தம் பாட்டியிடம் பதிவு செய்த தாலாட்டு, களையெடுப்புப் பாட்டு, மழை பொய்த்த காலத்தில் வீடுவீடாகச் சோறு வாங்கிப் பாடிய மழைச்சோற்றுப் பாட்டு போன்றவை இரண்டாம் வகை. பாடியவர் மறைந்துவிட்டால் இவற்றை மீண்டும் பதிவு செய்ய முடியாது. எனவே, மீட்கும் வரிசையில் இரண்டாம் வகைக்கே முதலிடம்.

ஒரு படி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலக அளவிலும் சான்று உண்டு. மைஸ்பேஸ் என்னும் இணையதளம் சர்வர்களை மாற்றியபோது, 2016ஆம் ஆண்டுக்கு முன் பதிவேற்றப்பட்டிருந்த பாடல்களை இழந்துவிட்டதாக 2019இல் தெரியவந்தது. அந்த எண்ணிக்கை 5 கோடிக்கும் மேல் என மதிப்பிடப்பட்டது. ஆய்வுக்காகச் சிலர் முன்பே எடுத்து வைத்திருந்த படியிலிருந்து ஏறத்தாழ 4,90,000 பாடல்கள் மட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் வழியாக மீண்டும் கிடைத்தன. பெரிய நிறுவனத்தின் கணினிக்கு நேர்வது பள்ளிக் கணினிக்கும் நேரும்.

மீட்கும் படிநிலைகள்

1. வன்தட்டை இணைத்ததும் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கணினி கேட்டால் ‘வேண்டாம்’ என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ‘டிக், டிக்’ என்ற சத்தம் தொடர்ந்து வந்தால் உடனே இணைப்பைத் துண்டித்து, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. மீண்டும் மீண்டும் முயன்றால் சேதம் அதிகமாகும்.

2. கோப்புகளை ‘கட்’ செய்யாமல் ‘காப்பி’ செய்ய வேண்டும். மின்சாரம் இடையில் நின்றாலும் மூலப்படி வன்தட்டில் பத்திரமாக இருக்கும்.

3. படியெடுத்த பின், இரு கோப்புறைகளின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த பைட் அளவையும் ஒப்பிட வேண்டும். அரிய பதிவுகளைத் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

4. ‘காலை வழிபாடு’, ‘மூன்றாம் வகுப்பு’ எனத் தொகுத்த பாடல் வரிசைகள் வேலை செய்யாமல் போகலாம். அவ்வரிசையில் பாடல் இருப்பதில்லை. பாடல் இருக்கும் இடத்தின் முகவரியே இருக்கும். டி டிரைவில் இருந்த பாடல் இப்போது இ டிரைவில் இருந்தால் முகவரி தவறாகிவிடும். எம்3யு வகைக் கோப்பை நோட்பேடில் திறந்து, பழைய முகவரிக்குப் பதில் புதியதை ‘ரீப்ளேஸ்’ செய்தால் சரியாகிவிடும்.

5. பாடல் தலைப்புகள் சிதைந்திருந்தால் அவற்றை யூனிகோடில் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும். எம்பி3 கோப்பின் பழைய வகைக் குறிப்பில் தலைப்புக்கு 30 பைட் இடமே உண்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். ஆகவே 10 குறிகளுக்கு மேல் இடமில்லை. ‘மழைச்சோற்றுப் பாட்டு’ என்பது ‘மழைச்சோற்ற’ என்று நின்றுவிடும். பாடியவர், ஊர், பதிவு செய்த ஆண்டு, பாடும் சூழல் ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டிலும் எழுதி வைப்பது பாதுகாப்பானது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

தொடக்க வகுப்புகள்: மீட்ட பாடல் ஒன்றை ஒலிக்கச் செய்து, அது எந்த வேலையின்போது பாடப்படுவது என்று மாணவர்களைக் கண்டறியச் சொல்லலாம். புரியாத வட்டாரச் சொற்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் செய்யலாம்.

உயர் வகுப்புகள்: எம்பி3 பாடல் ஒன்றின் வேகம் நொடிக்கு 128 கிலோபிட் என்றால், 8ஆல் வகுக்க நொடிக்கு 16 கிலோபைட். ஒரு நிமிடத்துக்கு 960 கிலோபைட். 4 நிமிடப் பாடல்கள் 500க்கு எவ்வளவு இடம் தேவை? (விடை: 1.92 ஜிகாபைட்.) 4 ஜிகாபைட் பென்டிரைவ் போதுமா என்று மாணவர்களே முடிவு செய்யட்டும்.

மீட்ட பின்

மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் விதி. பள்ளிக் கணினி ஒன்று, வன்தட்டு ஒன்று, மூன்றாவது படியை அருகிலுள்ள மற்றொரு பள்ளியிலோ வட்டார வள மையத்திலோ வைக்கலாம். பாடியவரின் குடும்பத்திடம் இசைவு பெற்று, அவர்களுக்கும் ஒரு படி கொடுப்பது முறை. பருவத்துக்கு ஒரு முறை வன்தட்டை இணைத்துப் பாடல்கள் ஒலிக்கின்றனவா என்று சோதித்து, அந்நாளைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். இப்பொறுப்பை ஆசிரியரின் மேற்பார்வையில் எட்டாம் வகுப்பு மாணவர் குழுவிடம் ஒப்படைக்கலாம்.