செந்தூல் மாணவர்களுக்குக் கடல் எங்கே?

கேள்வி: எஸ்.டி.பி.எம். புவியியல் களப்பணிக்குக் கடலோர மேலாண்மையும் கிராமத்து வாழ்க்கைத் தரமும் எடுக்கிறார்கள். செந்தூல் பிள்ளைகள் எங்கே போவது?
– வாசகி, செந்தூல்

பதில்: கொமுட்டரில் போர்ட் கிள்ளான் வரை போய்ப் படகு ஏறினால் பூலாவ் கெத்தாம். சேற்றில் ஊன்றிய கால்களின் மேல் வீடுகள். கார் இல்லை, சைக்கிள்தான்.

ஆனால் தலைப்பின் இரு பாதியும் ஒன்றாகக் கிடைப்பது கேரித் தீவில். அங்குள்ள செம்பனைத் தோட்டத்தைக் கடலிடமிருந்து காப்பது மண்கரை. கடல் வற்றும்போது மதகு வழியே உள்நீர் வடியும். ஏறும்போது மதகு மூடியிருக்க வேண்டும். கரைக்கு வெளியே கண்டல் மரங்கள் அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. மரம் உள்ள இடத்திலும் போன இடத்திலும் கரை அரிப்பு எப்படி என்று அருகருகே பார்த்துப் படம் வரையலாம். 1984-85இல் நடந்த தேசியக் கடலரிப்பு ஆய்வு, மலேசியாவின் 4,809 கி.மீ. கடற்கரையில் ஏறத்தாழ 29 விழுக்காடு அரிப்புக்கு உள்ளானதாகக் கண்டது. மாணவர்களின் சிறிய அளவீட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.

கடலேற்ற அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பினால் சேற்றுத்திட்டே கண்ணில் படாது.

வாழ்க்கைத் தரத்துக்கு, "மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்ற கேள்வி வீண். கிளினிக் எவ்வளவு தூரம், பஸ் எத்தனை மணிக்கு, படித்த பிள்ளைகள் ஊரில் தங்கினார்களா என்று கேட்க வேண்டும். (திரும்பும் பஸ்ஸிலேயே ஆய்வுப் படிவத்தை நிரப்பும் கலையை ஆசிரியர்களும் அறிவார்கள்!) கேரித் தீவில் வாழும், மரச்சிற்பத்துக்குப் பேர்போன மாஹ் மெரி பழங்குடி மக்களின் கிராமத்துக்குப் போவதானால், ஊர்த் தலைவரான தோக் பாத்தினிடம் முன்கூட்டியே அனுமதி கேட்பது முறை.