அடகுக் கணக்கை யாரிடம் கேட்பது?

செல்வ மகளுக்கு,

உன் தோழியின் வீட்டில் களவு போன நகைகளைப் பற்றி நீ எழுதியிருந்த கடிதம் கிடைத்தது. பாட்டி காலத்துக் காசுமாலையும் கல்யாணத்துக்குச் செய்த ஆரமும் ஒரே இரவில் பறிபோன வீட்டின் துக்கத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. நம்மவர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பதைத் திருடர்களும் நன்கறிவார்கள். 2011 முதல் 2014 வரை ஜார்ஜியா, நியூயார்க், மிச்சிகன், டெக்ஸாஸ் முதலிய மாநிலங்களில் ஆசிய வம்சாவளிக் குடும்பங்களையே தேடிப் புகுந்து கொள்ளையிட்ட கூட்டம் ஒன்றின் தலைவிக்கு, மிச்சிகனில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 37 ஆண்டுச் சிறைவாசம் விதித்தது.

நியூ ஜெர்சியில் உங்கள் ஊரிலுள்ள அடகுக் கடைகள் அனைத்தின் கணக்கையும் தகவல் சட்டத்தின்படி வாங்கிவிட்டால், நகை எந்தக் கடைக்குப் போயிற்று என்பதை நாமே கண்டுகொள்ளலாமே என்று நீ கேட்கிறாய். உன் உற்சாகத்தை மெச்சுகிறேன். ஆயினும் விண்ணப்பத்தைத் தொடங்குமுன், நீ தேடும் காகிதம் யார் கையில், எந்த அதிகாரத்தின்பேரில் இருக்கிறது என்பதை அறிந்துகொள்ளாவிட்டால், உன் உழைப்பெல்லாம் ஒரு வரி மறுப்புக் கடிதத்தில் முடிந்துபோகும். நம் ஊர்த் தாலுகா அலுவலகத்தில், 1943-ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் சட்டப்படி உரிமம் வழங்கும் மேசையில் சில காலம் இருந்தவன் என்ற முறையில், இந்தப் பேதத்தை அறியாமல் திரும்பிப் போனவர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன்.

அடகுக் கடை தனியார் வியாபாரம். நியூ ஜெர்சியில் ‘ஓப்ரா’ என்று சுருக்கமாக வழங்கும் பகிரங்க ஆவணச் சட்டமாயினும், 1968-இல் இயற்றப்பட்ட கலிஃபோர்னியா சட்டமாயினும், 1973-இல் வந்த டெக்ஸாஸ் சட்டமாயினும், அவை யாவும் அரசாங்க அலுவலகங்களைக் கட்டுப்படுத்துவனவேயன்றிக் கடைக்காரரின் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டச் சொல்பவை அல்ல. ஆகவே பிறருடைய அடகுக் கணக்கைக் கடைக்காரரிடம் நேரே கேட்டால், அவர் மரியாதையாகச் சிரித்துவிட்டு உன்னை அனுப்பிவிடுவார். அதற்கு அவருக்குப் பூரண உரிமை உண்டு.

உன்னுடைய சொந்த அடகாக இருந்தால் விஷயம் வேறு. வட்டி வீதத்தையும் கடன் செலவையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1968-இன் கூட்டாட்சிக் கடன் சட்டம் விதிக்கிறபடியால் அடகுச் சீட்டிலேயே எல்லாம் இருக்கும். சீட்டுத் தொலைந்தால் அடையாள அட்டையோடு அன்றைக்கே கடைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். தாமதித்தால் நகை மூழ்கிவிடக்கூடும்.

இனி அரசாங்கத்தின் கையில் இருப்பதைப் பார்ப்போம். இதில் மூன்று மாநிலங்களுக்கும் மூன்று வழக்கம். உன் நியூ ஜெர்சியில் அடகுக் கடைக்கு உரிமம் தருவது வங்கி, காப்பீட்டுத் துறை. டெக்ஸாஸில் ஆஸ்டின் நகரத்திலிருக்கும் நுகர்வோர் கடன் ஆணையர் அலுவலகம். உன் அத்தை மகன் இருக்கும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் பக்கத்திலோ, அந்தந்த ஊர்ப் போலீஸ் தலைவரோ ஷெரீஃபோ உரிமம் வழங்குகிறார். எந்தக் கடைக்கு உரிமம் உண்டு, அது எப்போது காலாவதியாகிறது, அடகுக் கடைகளுக்கு நகராட்சி என்ன விதி இயற்றியிருக்கிறது என்பன போன்றவற்றை இவர்களிடமும் நகராட்சியிடமும் தாராளமாகக் கேட்கலாம். இவை பெரும்பாலும் கிடைக்கக்கூடியவையே.

ஆனால் நீ விரும்புவது அதுவன்று. யார் எந்த நகையை வைத்தார் என்ற நாள்வழிக் குறிப்பு. அதுவும் அரசாங்கத்திடம் போய்ச் சேரத்தான் செய்கிறது. கலிஃபோர்னியாவில் அடகுக் கடைக்காரரும் பழம்பொருள் வியாபாரியும் பொருளின் வர்ணனை, கொண்டுவந்தவரின் அடையாள விவரம், கைரேகை ஆகியவற்றைச் சேகரித்து, மாநில நீதித் துறை நடத்தும் மின்னணு முறைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். டெக்ஸாஸின் போலீஸ் இலாகாக்கள் பல, ப்ளேனோ நகரத்து லீட்ஸ்ஆன்லைன் என்னும் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் தேடுகின்றன. நியூ ஜெர்சியிலோ பல நகராட்சிகள் தம் ஊர் விதியினாலேயே இத்தகைய அறிவிப்பைக் கேட்டு வாங்குகின்றன. அறிவிப்பு போலீஸிடம் போய்விட்டதே, அது பொது ஆவணந்தானே என்று நீ வாதிக்கலாம். குற்றப் புலனாய்வு சம்பந்தமான ஆவணங்களுக்கும், ஓட்டுநர் உரிம எண் போன்ற சொந்த விவரங்களுக்கும் இச்சட்டங்கள் விலக்கு அளித்திருப்பதால், அந்த வாதம் அநேகமாக நிற்காது.

இந்த விலக்கு நியாயமென்றே நான் கருதுகிறேன். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காகவோ மருத்துவச் செலவுக்காகவோ, பொழுது சாய்ந்த பிறகு முந்தானையில் வளையலை முடிந்துகொண்டு அடகுக் கடைப் படியேறிய பெண்களை நம் கடைத்தெருவில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள்; அந்தப் பெயர்கள் பத்து ரூபாய் தகவல் மனுவுக்குக் கிடைக்கும் சரக்காக ஆகியிருந்தால், ஊரில் ஒருத்தியும் தலை நிமிர்ந்து நடந்திருக்க மாட்டாள். ஹூஸ்டனிலும் நியூவார்க்கிலும் அடகு வைப்பவர்களின் மானமும் அதே மானந்தான்.

அப்படியானால் உன் தோழிக்கு வழியே இல்லையா? உண்டு, அது பாதிக்கப்பட்டவர் என்ற ஸ்தானத்தினால் வருவது. குற்றத்துக்கு இலக்கானவர் தம்மைப் பற்றிய ஆவணங்களைப் பெறலாம் என்று ஓப்ராவே விதிவிலக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே அவள் தாயார் புகார் அறிக்கையின் நகலை வாங்கட்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, அடகுத் தரவுத்தளத்தில் தேடும்படி துப்பறிவாளரிடம் எழுத்துமூலம் கேட்கட்டும். இங்கேதான் நம்மவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். புகாரில் “தங்க நெக்லஸ் ஒன்று, ஐந்து பவுன்” என்று எழுதினால் அமெரிக்க அதிகாரிக்கு என்ன புரியும்? கடைக்காரர் அதையே “யெல்லோ மெட்டல் நெக்லஸ்” என்று பதிந்திருந்தால், இரண்டும் ஒருநாளும் சந்திக்கப் போவதில்லை. பவுனை விட்டு நாற்பது கிராம் என்று எழுத வேண்டும். நீளத்தை அங்குலத்தில் தர வேண்டும். காசுமாலையாயின் காசுகளின் எண்ணிக்கையையும் அவற்றில் பதிந்த லட்சுமி உருவத்தையும், தோடாயின் திருகாணியையும் வர்ணிக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், 916 என்ற முத்திரை. பத்து, பதினான்கு, பதினெட்டு காரட் நகைகளே மிகுதியாக வந்துபோகும் அமெரிக்கக் கடையில் இருபத்திரண்டு காரட்டின் அந்த மூன்று இலக்கம் தனித்துத் தெரியும். இந்தியாவில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு கடையில் வாங்கிய நகையாயின் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளம் அதில் பெரும்பாலும் இருக்கும். தியாகராய நகர்க் கடை ரசீதில் அதைத் தேடிப் பார்க்கச் சொல். கல்யாண ஆல்பமும் இதற்கு உதவும். கழுத்து நன்றாகத் தெரியும் படம் ஒன்று போதும்.

நகை கண்டுபிடிக்கப்பட்டாலும் கடைக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட முடியாது. கலிஃபோர்னியாவில் போலீஸார் அதை 90 நாள் வரை கடையிலேயே நிறுத்தி வைக்கலாம். டெக்ஸாஸில் உரிமைத் தகராறு வந்தால் மாஜிஸ்திரேட் முன் விசாரணை நடக்கும். கடைக்காரரும் பணம் கொடுத்தவர் என்பதனால் இது தவிர்க்க முடியாத தாமதம்.

நீ உன் பங்குக்கு ஊர்க் கணக்கை ஆராய விரும்பினால், நகராட்சிச் செயலருக்கு இப்படி எழுது: “2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை இந்நகர எல்லைக்குள் நடந்த அடகுக் கடைகள், பழந்தங்கம் வாங்கும் கடைகள் ஆகியவற்றுக்கு நகராட்சி ஏதேனும் உரிமம் வழங்கியிருந்தால் அதன் நகலும், அக்கடைகள் மீது நகராட்சி பிறப்பித்த விதிமீறல் அறிவிப்புகளின் நகலும் வேண்டும்.” ஆவணமும் காலமும் திட்டமாக இருக்கின்றன, ஒருவரின் சொந்த விவரமும் கேட்கப்படவில்லை. “அடகுக் கடைகள் பற்றிய எல்லாத் தகவலும்” என்று எழுதினால், உனக்காக ஆராய்ச்சி செய்யும் கடமை தங்களுக்கில்லை என்று பதில் வரும்.

நியூ ஜெர்சியில் பொதுவாக ஏழு வேலை நாளுக்குள் விடை வர வேண்டும். வராவிட்டால் அரசு ஆவண மன்றத்திடமோ மேல் நீதிமன்றத்திடமோ முறையிடலாம். கலிஃபோர்னியாவில் பத்து நாளுக்குள் தருவோமா மாட்டோமா என்று முடிவு சொல்ல வேண்டும். ஆவணம் கைக்கு வருவது பிந்தலாம். டெக்ஸாஸின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது: மறைக்க விரும்பும் அலுவலகம் பத்து வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் போய் அனுமதி கேட்க வேண்டும், கேட்காமல் விட்டால் அந்த ஆவணம் பொதுவென்றே அனுமானிக்கப்படும். ஓப்ரா 2024-இல் திருத்தப்பட்டிருப்பதால், நகராட்சியின் புதிய படிவத்தையே வாங்கி நிரப்பு.

புகார் அறிக்கை கைக்கு வந்ததும் நகை வர்ணனையை எனக்கு அனுப்பு. பவுனைக் கிராமாக்கித் திருத்தித் தருகிறேன்.

அன்புள்ள
பெரியப்பா