தலைவர் சொல்லும் சந்தைப் பீதியும்

கேள்வி: நாட்டின் நிலைமை மோசமென்று அரசியல்வாதிகள் பேசுவதே பொருளாதாரத்தைக் கெடுக்குமா?

பதில்: ஓரளவு கெடுக்கும். 2022 மே 16ஆந் திகதி அப்போதைய இலங்கைப் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, பெற்றோல் ஒரு நாளுக்கே கையிருப்பிலுண்டு என்று தேசத்துக்கு அறிவித்தார். அது சத்தியமேயாயினும், தாங்கியில் பாதி எண்ணெய் உள்ளவனும் வரிசையில் போய் நிற்க எத்தனிப்பது மனித சுபாவமாகையால், தட்டுப்பாடு பின்னும் பெருகவே செய்யும். அப்பீதியின் பாரத்தைச் சுமப்பவனோ, வெங்காயப் பாத்திக்கு நீரிறைக்க மண்ணெண்ணெய்க் கானோடு காத்து நிற்கும் கோப்பாய்க் கமக்காரன். ஆயினும் அந்த வெளிப்படையான பேச்சை நான் குறைகூறேன். அதற்கு முன்னர், டொலரின் விலையை 200 ரூபாயளவில் பலவந்தமாக நிறுத்தி வைத்துக்கொண்டு ஆட்சியாளர் அளித்த அபயவார்த்தைகளே மகா அநர்த்தம் விளைத்தன: மார்ச்சில் அக்கட்டுத் தளர்ந்தது, ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துவது நிறுத்தப்பட்டது, மே மாதத்தில் டொலர் 360 ரூபாயைத் தொட்டது.