படியேற முடிகிறதா என்று கேட்டார்களா?

நம்பிக்கை: குடும்ப மருத்துவருக்கு நம் உடல்நிலை முழுவதும் தெரியும்.

உண்மை: பிரிட்டனில் ஏறக்குறைய எல்லாருமே ஏதாவதொரு குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிந்திருக்கிறார்கள். ஊரில் யாருக்கு என்ன இயலாமை, யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று கணக்கெடுக்க அதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் பாடும் தெரிந்துவிடுமா? எடின்பரோவில் வில்லியம்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் அப்படிப்பட்ட பட்டியல்களிலிருந்து 65 வயதைத் தாண்டிய 200 பேரை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு 1964இல் லான்செட் இதழில் வந்தது. ஒருவருக்குச் சராசரியாக மூன்றுக்கு மேற்பட்ட குறைகள் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் அவரவர் மருத்துவருக்கே தெரியாது. இதய நோயும் நுரையீரல் நோயும் பெரும்பாலும் தெரிந்திருந்தன. பாதக் கோளாறு, சிறுநீரை அடக்க முடியாமை, மறதி நோய், மனச்சோர்வு ஆகியவைதாம் தப்பிப்போயின. மருத்துவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. "வயசானா இப்படித்தான்" என்று பெரியவர்கள் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். துணி நனைந்ததைப் பெற்ற மகளிடமே மறைக்கும் பாட்டி டாக்டரிடம் தானாக வாய் திறப்பாரா? நாம்தான் கேட்க வேண்டும்.

நம்பிக்கை: நோயின் பெயர் தெரிந்தால் தேவையும் தெரிந்துவிடும்.

உண்மை: மூட்டுவாதம் உள்ள ஒருவர் கடைக்குப் போய் வருகிறார், அதே மூட்டுவாதம் உள்ள இன்னொருவருக்குச் சட்டைப் பித்தான் போட ஆள் வேண்டும். 1965இல் மஹோனியும் பார்த்தெலும் அமெரிக்காவில் வெளியிட்ட அளவுகோல் நோயின் பெயரைக் கேட்பதே இல்லை. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படியேறுவது என 10 செயல்களைத் தானாகச் செய்கிறாரா, துணை வேண்டுமா என்றுதான் பார்க்கிறது. 1969இல் வந்த லாட்டன், பிராடி அளவுகோல் சமையல், கடைகண்ணி, மருந்து, பணக் கணக்கு வரை கேட்கிறது.

இந்த அளவுகோல்களிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. குளிக்க ஆள் வேண்டிய இரண்டு பெரியவர்களுக்கு ஒரே மதிப்பெண்தான். ஒருவர் வீட்டில் மருமகள் இருக்கிறார், மற்றவர் தனியாள். அந்த மருமகள் காய்ச்சலில் படுத்துவிட்டால் அன்றைக்கு இருவர் நிலையும் ஒன்றாகிவிடும். பராமரிப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத எந்தக் கணக்கையும் நான் முழுக் கணக்கென்று ஏற்க மாட்டேன்.

நம்பிக்கை: ஆண்டுக்கொரு முறை எல்லாரையும் சோதித்துவிட்டால் போதும்.

உண்மை: 75 வயதைத் தாண்டியவர்களை ஆண்டுதோறும் சோதிக்க 1990இல் பிரிட்டன் குடும்ப மருத்துவர்களைப் பணித்தது. 106 குடும்ப மருத்துவ நிலையங்களில் 43,000க்கு மேற்பட்டோரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2004இல் வந்தது: விரிவான சோதனையால் அவர்கள் வாழ்க்கைத் தரத்தில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. குறையைத் தாளில் எழுதியதோடு நின்றால் குளியலறைச் சுவரில் கைப்பிடி வந்துவிடாது.

அடுத்த முறை அம்மாவையோ தாத்தாவையோ டாக்டரிடம் அழைத்துப்போகும்போது மருந்துச் சீட்டை நீட்டுவதோடு நிறுத்தாதீர்கள். வீட்டில் எந்தெந்த வேலைக்கு அவருக்குக் கைகொடுக்க வேண்டியிருக்கிறது, கைகொடுப்பவர் யார், அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.